விடாமுயற்சியும் ஒரு காற்றுக் குப்பியும்

ஆய்வு மாணவர்களுக்கான அறிமுகக் கூட்டங்களிலும் பயிலரங்குகளிலும் நெடுந்தொலைவு டிரையத்லான் ஒரு நிலையான உவமையாகிவிட்டது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம், 42.2 கிலோமீட்டர் ஓட்டம்; மூன்றையும் ஒரே நாளில், பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். காற்றும் மழையும் எதிர்த்தபோதும், வண்டி பழுதானபோதும் தளராமல் முன்சென்ற ஒருவரின் கதை சொல்லப்படும். முனைவர் பட்ட ஆய்வும் இப்படித்தான் என்று உரை நிறைவுபெறும். உவமை பொருத்தமானதே. ஆனால் கதை பாதியில் வெட்டப்படுகிறது. முழுக் கதையையும் கேட்டால் அது மாணவருக்குச் சொல்லும் பாடத்தைவிடப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் பாடமே பெரிது என்பது விளங்கும்.

எடுத்துக்காட்டாக, 2008 அக்டோபரில் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியைக் கொள்ளலாம். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்ஸி வெலிங்டன் முந்தைய ஆண்டுதான் அப்பட்டத்தை வென்றிருந்தார். அரசின் சுற்றுச்சூழல் துறையில் அலுவலராக இருந்தவர். நேபாளத்தில் வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டவர். முப்பது வயதில்தான் தொழில்முறை வீராங்கனையானவர். 2008-இல் மிதிவண்டிப் பிரிவில் முன்னிலையில் சென்றுகொண்டிருந்தபோது அவருடைய சக்கரம் பஞ்சரானது. டியூபை மாற்றினார். ஆனால் காற்று நிரப்புவதற்காக வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் கைகொடுக்கவில்லை, வாயு வீணாயிற்று. எரிமலைப் பாறைகளுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஓடாத வண்டியுடன் அவர் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்தனர். அப்போது அவ்வழியே வந்த ஆஸ்திரேலியாவின் ரெபெக்கா கீட் தம்மிடமிருந்த குப்பியொன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். வெலிங்டன் சக்கரத்தை நிரப்பி, கடந்து சென்றவர்களை மீண்டும் முந்தி, 9 மணி 6 நிமிடம் 23 நொடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் ஏறக்குறைய 15 நிமிட இடைவெளி.

இது வழக்கமாக வெலிங்டனின் மனவுறுதிக் கதையாகவே சொல்லப்படுகிறது. அவருக்கு மனவுறுதி இருந்ததில் ஐயமில்லை. ஆனால் சாலையோரத்தில் நின்ற அந்த நிமிடங்களில் அவருடைய உறுதியால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. ஒரு குப்பியில் பெரும்பாலும் 16 கிராம் வாயுவே இருக்கும். திறந்த நொடியில் அது விரிந்து குளிர்ந்து, வால்வின் வாயில் பனி படியச் செய்யும். வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். வாய் சரியாகப் பொருந்தாவிட்டால் சில நொடிகளில் முழுவதும் காற்றில் போய்விடும். கைப்பம்பு மெதுவானது, ஆனால் தவறினால் மீண்டும் முயலலாம். குப்பி விரைவானது; ஆனால் இன்னொரு வாய்ப்புத் தராது. எடையையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் கருவிகள் பலவும் இப்படிப்பட்டவையே. தவறுக்கு இடமின்றித் திட்டமிடப்பட்ட ஏற்பாடு முறியும்போது அதைச் சரிசெய்யப் புறத்திலிருந்து ஏதேனும் வந்தாக வேண்டும்.

அன்று வந்தது ஒரு போட்டியாளரின் கை. இதில் கீட்டின் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. அதனோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது விதி. பார்வையாளரோ பயிற்சியாளரோ வழியில் உதவுவதை அயர்ன்மேன் விதிகள் தடுக்கின்றன. ஆனால் ஒரு போட்டியாளர் இன்னொரு போட்டியாளருக்கு டியூபோ குப்பியோ கொடுப்பதை அனுமதிக்கின்றன. விதி மறுத்திருந்தால் கீட்டின் பெருந்தன்மையே வெலிங்டனைப் போட்டியிலிருந்து நீக்கியிருக்கும். ஆக, அந்த வெற்றியில் வெலிங்டனின் பல மாதப் பயிற்சி, கீட்டின் ஒரு நொடி முடிவு, அந்த முடிவைக் குற்றமாக்காத விதி ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன.

இதே வெலிங்டன் 2010-இல் உலகப் போட்டி நடந்த அன்று காலையில் உடல்நலக் குறைவால் விலகினார். போட்டியைத் தொடங்கவே இல்லை. தோல்வியை அஞ்சினார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் அரிசோனா அயர்ன்மேனில் 8 மணி 36 நிமிடங்களில் முடித்து அயர்ன்மேன் போட்டிகளில் பெண்களுக்கான புதிய சாதனையைப் படைத்தார். 2011-இல் போட்டிக்கு இரு வாரங்களுக்கு முன் மிதிவண்டியிலிருந்து விழுந்து காயமுற்ற உடலோடு கோனாவில் பங்கேற்று நான்காவது முறையாகப் பட்டம் வென்றார். 2010-இல் விலகியவர் வேறு, 2011-இல் வென்றவர் வேறு என்று எவரும் சொல்ல முடியாது. எந்த நாளில் தொடங்கக் கூடாது என்று அறிந்ததும் அவருடைய விடாமுயற்சியின் ஒரு பகுதியே.

ஜெர்மனியின் நார்மன் ஸ்டாட்லரின் வரலாறு இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அவர் 2004-இல் கோனாவில் வென்றவர். 2005-இல் சக்கரம் பஞ்சரானது. அவர் பயன்படுத்தியது விளிம்பில் பசையிட்டு ஒட்டப்படும் டயர். பசை மிகுந்துவிட்டதால் சாலையில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாயிற்று. ஆத்திரமும் கண்ணீருமாக அவர் போட்டியை விட்டு வெளியேறிய காட்சி அவ்விளையாட்டைப் பின்தொடர்பவர்கள் அனைவரும் அறிந்தது. அந்த ஒரு நாளை மட்டும் கண்டவர் அவரை உறுதியற்றவர் என்று தீர்ப்பளித்திருப்பார். 2006-இல் அவரே மீண்டும் உலகப் பட்டத்தை வென்றார். ஒரே மனிதர் ஓராண்டு முறிகிறார், மறு ஆண்டு வெல்கிறார். விடாமுயற்சி ஒருவரிடம் நிலையான அளவில் குடிகொண்டிருக்கும் பண்பு என்று கொண்டால் இதற்கு விளக்கம் கிடைக்காது. டயரில் பூசப்பட்ட பசையின் அளவு வரை பார்த்தால்தான் கிடைக்கும்.

வானிலைக்கும் இது பொருந்தும். காற்றோடு போராடி வென்றதாகச் சொல்வது கேட்க நன்றாயிருக்கும். கணக்கு அப்படி இல்லை. காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 180 கிலோமீட்டரை 6 மணி நேரத்தில் கடப்பவர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். போகும் 90 கிலோமீட்டரில் எதிர்காற்று. வேகம் 20 ஆகிறது. திரும்பும் 90 கிலோமீட்டரில் பின்காற்று. வேகம் 40 ஆகிறது. சராசரி 30 தானே என்று தோன்றும். ஆனால் போக நாலரை மணி, திரும்ப இரண்டேகால் மணி. மொத்தம் ஆறேமுக்கால் மணி. எதிர்காற்றில் கழியும் நேரம் மிகுதி என்பதால் பின்காற்று ஒருபோதும் முழு ஈடு தருவதில்லை. இழந்த அந்த முக்கால் மணியை முயன்று மீட்டே தீருவேன் என்று எதிர்காற்றில் உந்துபவர், காற்றுத்தடை வேகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக ஏறுவதால், மாரத்தானுக்கு வைத்திருந்த ஆற்றலைச் செலவழித்துவிடுகிறார். தேர்ந்த வீரர் தம் உழைப்பின் அளவை மாற்றாமல் வேகம் குறைவதை ஏற்றுக்கொள்கிறார். பார்ப்பவருக்கு அது தளர்ச்சியாகத் தெரியலாம்.

மழையும் அவ்வாறே. ஈரச் சாலையில் கண்ணாடித் துணுக்குகள் டயரில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் மசகுபோலச் செயற்பட்டு அவை ரப்பரை எளிதில் அறுக்க உதவுகிறது. எனவே பஞ்சர் மிகுவது மழையில்தான். விரல்கள் விறைத்து டியூப் மாற்ற முடியாமல் போவதும் மழையில்தான். கேடுகள் தனித்தனியே வருவதில்லை; ஒன்று மற்றொன்றை அழைத்து வருகிறது. குளிரில் உடல் வெப்பம் குறையும்போது முதலில் மங்கத் தொடங்குபவற்றுள் ஒன்று தீர்ப்புத்திறன். தொடரலாமா வேண்டாமா என்ற முடிவை அந்நிலையில் உள்ளவரிடமே விட்டுவிடுவது அறிவுடைமையாகாது. அதனால்தான் அந்த அதிகாரம் போட்டி மருத்துவருக்கும் நடுவருக்கும் தரப்பட்டிருக்கிறது.

இந்த விளையாட்டின் தொடக்க வரலாறே இதற்குச் சான்று. 1978-இல் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், ஒஆஹு தீவில் தனித்தனியே நடந்துவந்த நீச்சல், மிதிவண்டி, மாரத்தான் நிகழ்வுகளை ஒன்றாகக் கோத்தார். 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர். ஒவ்வொருவரும் தம் துணைக்குழுவைத் தாமே அழைத்து வர வேண்டியிருந்தது. முன்னணியில் இருந்த ஜான் டன்பாரின் குழுவிடம் மாரத்தான் நடுவே தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அவர்கள் பீரைக் கொடுத்தனர். கோர்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் வென்றார். முதல் போட்டியிலேயே வெற்றியைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று, யாருடைய வண்டியில் தண்ணீர் இருந்தது என்பது.

1979-இல் வானிலை மோசமானது. போட்டி ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் தொடங்கியவர்கள் 15 பேரே. சான் டியாகோவைச் சேர்ந்த மதுக்கடை உரிமையாளர் டாம் வாரன் 11 மணி 15 நிமிடம் 56 நொடியில் முதலாவதாக வந்தார். அப்போட்டியை முடித்த முதல் பெண்ணான லின் லெமேர் ஒட்டுமொத்தத்தில் ஐந்தாம் இடம் பெற்றார். பிடிவாதத்தின் சின்னமாக உலகெங்கும் கொண்டாடப்படும் ஒரு போட்டி, தன் இரண்டாம் ஆண்டிலேயே கடலைப் பார்த்து இன்று வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஒத்திவைப்பால் வாரனின் வெற்றி சிறிதும் குறையவில்லை.

நார்வேயின் நார்ஸ்மேன் போட்டி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 2003-இல் தொடங்கிய இப்போட்டியில் வீரர்கள் படகிலிருந்து குளிர்ந்த கடல்நீரில் குதித்து நீந்துகின்றனர். ஓட்டம் கவுஸ்தாடோப்பன் மலையுச்சியில் முடிகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வரும் முதல் 160 பேருக்கு மட்டுமே உச்சிக்குச் செல்ல அனுமதி; அவர்களுக்குக் கறுப்புச் சட்டை. மற்றவர்கள் அதே தொலைவை வேறொரு பாதையில் ஓடி முடித்து வெள்ளைச் சட்டை பெறுகின்றனர். உச்சிக்குச் செல்பவரும் தனியே செல்ல முடியாது. துணைவர் ஒருவர் உடன் ஏற வேண்டும். உலகின் கடினமான டிரையத்லான்களுள் ஒன்றாகப் பேசப்படும் இப்போட்டி, துணையின்றி வருபவரை ஏற்பதில்லை. உச்சியை எட்டாதவரை முடிக்காதவராக எழுதுவதும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். எல்லாம் புறச் சூழலே என்றால் மனவுறுதிக்கு இடமே இல்லையா? இடம் உண்டு. 1982 பிப்ரவரியில் ஜூலி மோஸ் என்ற கல்லூரி மாணவி உடற்செயலியல் தொடர்பான தம் இறுதியாண்டு ஆய்வுக்காகவே அயர்ன்மேனில் பங்கேற்றார். முன்னிலையில் இருந்தவர், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் நிலைகுலைந்து விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மோஸ் தவழ்ந்து வந்து 29 நொடி பின்னர்க் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்ட எண்ணற்றோர் இவ்விளையாட்டை நாடி வந்தனர். மனத்தின் பங்கை ஆய்வகமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. சாமுவேலே மார்கோராவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் மூளையை வருத்தும் பணியைச் செய்த பின் மிதிவண்டி மிதித்தவர்கள் சராசரியாக 640 நொடிகளில் ஓய்ந்தனர். அப்பணியைச் செய்யாத நாளில் அதே ஆட்கள் 754 நொடிகள் தாக்குப்பிடித்தனர். இதயத்துடிப்பு போன்ற உடற்குறிகள் இதை விளக்கவில்லை. மாறியது, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றியது என்பதே.

ஆனால் இந்த ஆய்வை நுட்பமாகப் படித்தால் அது மனவுறுதிப் போதகர்களுக்குச் சாதகமாக இல்லை. தாக்குப்பிடிக்கும் ஆற்றல் பயிற்சியால் மட்டும் அமைவதன்று. அதற்கு முன்னர் அம்மனிதரிடமிருந்து என்ன உறிஞ்சப்பட்டது என்பதையும் அது பொறுத்திருக்கிறது. 90 நிமிட மனச்சுமை அதைக் கண்கூடாகக் குறைக்குமானால், மாதக்கணக்கில் உதவித்தொகைக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் ஓர் ஆய்வு மாணவர் ஆய்வு மேசைக்கு வரும்போது என்ன மிச்சமிருக்கும்?

விடாமுயற்சியைத் தனிமனிதப் பண்பாக அளக்கும் முயற்சியும் ஆய்வுலகில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஏஞ்சலா டக்வொர்த்தும் சகாக்களும் 2007-இல் இதற்கான அளவுகோலை முன்வைத்தனர். அது கல்வித்துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. 2017-இல் மார்கஸ் க்ரீடேயும் சகாக்களும் 88 மாதிரிகளைத் தொகுத்து, 66,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தனர். அந்தப் பண்பு, உளவியல் ஏற்கெனவே அறிந்திருந்த கடமையுணர்வு என்ற பண்போடு மிக நெருக்கமாக ஒன்றிவிடுகிறது என்பதும், சாதனையோடு அதற்குள்ள தொடர்பு மிதமானதே என்பதும் அவர்கள் கண்டவை. இக்கண்டறிவுகள் பயிலரங்க மேடைகளை இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை.

தமிழ் மரபு இதில் மேலும் தெளிவாக இருக்கிறது. விடாமுயற்சிக்கு மேடையில் முதலில் துணைக்கழைக்கப்படுவது திருக்குறளின் ஆள்வினையுடைமை. அது 62-ஆம் அதிகாரம். அடுத்து இடுக்கணழியாமை. ஆனால் பொருட்பாலில் அவற்றுக்கு வெகு முன்னரே பெரியாரைத் துணைக்கோடல், தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அமைந்துள்ளன. வலியறிதல் தன் வலிமையோடு துணைவரின் வலிமையையும் எடைபோடச் சொல்கிறது. இவை அரசனை முன்னிறுத்திப் பேசும் பகுதியில் வருபவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. காலமும் இடமும் துணையும் அமைத்துத் தருவது அதிகாரத்தில் இருப்பவரின் பொறுப்பு. அந்த அதிகாரங்களையெல்லாம் தாண்டிச் சென்று 62-ஐ மட்டும் எடுத்து மாணவரின் கையில் கொடுப்பது நேர்மையான வாசிப்பாகாது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கு எல்லைக் காலம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, மிகுதியாக 6 ஆண்டு. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மற்றும் 2 ஆண்டு தரலாம். தேசியத் தகுதித்தேர்வு வழியான ஆய்வு உதவித்தொகையோ 5 ஆண்டுடன் நின்றுவிடுகிறது. டிரையத்லானிலும் எல்லைக் காலம் உண்டு என்று சொல்லப்படலாம். ஆனால் டிரையத்லானில் வழிநெடுகத் தண்ணீர் நிலையங்கள் உண்டு. மருத்துவக் கூடாரம் உண்டு. கடல் கொந்தளித்தால் போட்டியை நிறுத்தும் அதிகாரி உண்டு. ஆய்வகத்தில் கருவி பழுதாகி உதிரிபாகத்துக்காக எட்டு மாதம் காத்திருப்பவருக்குக் கடிகாரம் நிற்பதில்லை. நெறியாளர் ஓய்வுபெற்றாலோ வேறிடம் சென்றாலோ புதியவரைத் தேடி அலையும் காலமும் அவர் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

செய்ய முடியாதவை என்று இவற்றை ஒதுக்கவும் இயலாது. கோவிட் பெருந்தொற்றின்போது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடுவை மானியக் குழு மீண்டும் மீண்டும் நீட்டித்தது. 1979-இல் ஒஆஹுவில் நடந்ததும் அதுவே: வானிலையைப் போட்டியாளரின் குற்றமாகக் கொள்ளாமை. பெருந்தொற்றுக்குச் சாத்தியமானது, பதிவேட்டில் குறிக்கப்பட்ட கருவிப் பழுதுக்கும் நின்றுபோன உதவித்தொகைக்கும் சாத்தியமாகாமல் போகாது. துறைகளுக்கிடையே கருவிகளையும் வேதிப்பொருள்களையும் தரவுகளையும் பகிர்வதற்கு எளிய விதி ஒன்று வகுத்தால், கீட் நீட்டிய குப்பி போன்றவை அன்றாடம் கைமாறும். இன்று அத்தகைய பகிர்வு பெரும்பாலும் தனிப்பட்ட நட்பால் நடக்கிறது. அந்த நட்பு வட்டத்துக்குள் இல்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அது கிடைப்பதில்லை.

வெள்ளைச் சட்டையும் தேவை. சிறிய அளவிலான ஆய்வோடு நிறைவுபெற விரும்பியவருக்கு இருந்த எம்.ஃபில். பட்டம் 2022 விதிமுறைகளோடு கைவிடப்பட்டது. சில நிறுவனங்களின் ஒருங்கிணைந்த படிப்புகள் முதுகலைப் பட்டத்தோடு வெளியேற வழிவிடுகின்றன. பெரும்பாலான இடங்களில் நான்காண்டு ஆய்வு செய்துவிட்டு விலகுபவரிடம் அந்த நான்காண்டைக் காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை. அதனால் விலக வேண்டிய நேரத்திலும் பலர் விலகுவதில்லை. அதை விடாமுயற்சி என்று பிறர் வாழ்த்துகின்றனர். 2010-இல் வெலிங்டன் விலகியபோது அவருக்கு அடுத்த மாதம் ஒரு போட்டி இருந்தது, அடுத்த ஆண்டு இன்னொன்று. திரும்பி வர வழி இருந்ததால்தான் விலகுவது அவருக்கு ஓர் அறிவார்ந்த முடிவாக அமைந்தது.

ஆகவே அடுத்த அறிமுகக் கூட்டத்தில் டிரையத்லான் கதை சொல்லப்படுமானால், சொல்லட்டும். காற்றையும் மழையையும் பஞ்சரையும் சொல்லட்டும். அதோடு குப்பியைக் கொடுத்தவரின் பெயரையும், அதை அனுமதித்த விதியையும், போட்டி ஒரு நாள் தள்ளிப்போனதையும் சேர்த்துச் சொல்லட்டும். சொல்லி முடித்த பின், அந்தத் துறையில் கருவி பழுதானால் யாரிடம் செல்ல வேண்டும், உதவித்தொகை நின்றால் எத்தனை நாளில் பதில் கிடைக்கும், கெடுவை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவற்றை எழுத்தில் கொடுக்கட்டும். அந்தத் தாளைக் கொடுக்க இயலாத துறைக்கு மாணவரிடம் விடாமுயற்சியைக் கோரும் தகுதி இல்லை.